பிரைம் டைமில் ஒரு ஷோ: வங்காளப் படங்களுக்கும் இந்திப் படங்களுக்கும் என்ன தகராறு?

2025 ஆகஸ்ட் 14. ஜீவனஹள்ளியில் நம்மாட்களுக்கு அன்று ஒரே கவலைதான்: ‘கூலி’ டிக்கெட் கிடைக்குமா? கொல்கத்தாவில் கவலையே வேறு. பத்தாண்டு கிட்டத்தட்ட பெட்டிக்குள் கிடந்த தேவ் நடித்த ‘தூமகேது’ அன்றுதான் ரிலீஸ். எதிரில் இந்தி ‘வார் 2’. பெரிய இந்திப் படம் வேண்டுமென்றால் எல்லா ஷோவையும் அதற்கே கொடு என்று சிங்கிள் ஸ்கிரீன் தியேட்டர்களை நெருக்குகிறார்கள் என்பது வங்காளத் திரையுலகின் பழைய புகார்.

முந்தைய நாளே மேற்கு வங்க அரசு உத்தரவு போட்டுவிட்டது. மாநிலத்தில் ஒவ்வொரு ஸ்கிரீனிலும், வருஷம் 365 நாளும், மதியம் 3 மணி முதல் இரவு 9 மணிக்குள் ஒரு வங்காளப் படமாவது ஓட வேண்டும். 2018 உத்தரவில் இது 120 நாளாக இருந்தது.

சொந்த ஊரிலேயே கேட்டு வாங்கும் நிலை எப்படி வந்தது? ஒரு காலத்தில் இந்திப் படங்களுக்கே கொல்கத்தா பெரிய பட்டறை. 1931இல் பி.என். சர்க்கார் தொடங்கிய நியூ தியேட்டர்ஸ், ஒரே கதையை இரண்டு மொழியிலும் எடுக்கும். 1935இல் பி.சி. பரூவா வங்காளத்தில் ‘தேவதாஸ்’ எடுத்து, தானே நடித்தார். அடுத்த ஆண்டு இந்தியில் கே.எல். சைகல், கேமரா பிமல் ராய்.

1947 பிரிவினையில் கிழக்கு வங்காள மார்க்கெட் கையைவிட்டுப் போனது. பிறகு ஆட்களும் கிளம்பினார்கள். பிமல் ராய், ரிஷிகேஷ் முகர்ஜி, சலில் சவுத்ரி எல்லோரும் பம்பாய்க்கு. 1953இல் ‘தோ பீகா ஜமீன்’. 1955இல் அதே ‘தேவதாஸ்’, திலீப் குமாரை வைத்து, பம்பாயிலிருந்து. இந்தி சினிமாவின் பொற்காலம் என்று நாம் சொல்வதில் பாதி வங்காளத்துக் கைவேலை.

சரி, உத்தரவால் கூட்டம் வருமா? ஷோவைத்தான் அரசு கொடுக்க முடியும், ஆடியன்ஸை அல்ல. காலி சீட்டுக்குக் கரண்ட் பில் கட்டப்போவது தியேட்டர்காரர். ஆனால் காலை 10 மணி ஷோவில் தள்ளிவிட்டு ‘படம் ஓடலை’ என்று சொல்வதும் நியாயமில்லையே. அந்த வகையில் உத்தரவு தேவைதான்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அங்கே இந்திப் படம் எப்படியோ, பெங்களூருவில் சின்னக் கன்னடப் படத்துக்கு நம்ம ரஜினி படம் அப்படி. கர்நாடக அரசு கைவைத்தது ஷோவில் அல்ல, விலையில்: எந்த மொழிப் படமானாலும் டிக்கெட் வரி நீங்கலாக 200 ரூபாய்க்கு மேல் கூடாது என்று 2025 செப்டம்பரில் விதி கொண்டுவந்தது. அதே மாதம் 23ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.