நிலாவில் மூணு தடவை மோதிய பையன்!

கே.கே. நகர் பஸ் ஸ்டாண்டு. சாயங்கால நேரம். டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர். பக்கத்தில் பேரன். அவன் கையில் செல்போன்.

"படிக்கிற புள்ளைக்கு போன்ல என்னடா வெளையாட்டு?" என்று அதட்டினார் பெரியவர்.

"நிலாவுல எறங்குறேன் தாத்தா. மூணு தடவை மோதிட்டேன்!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் செய்ததும் படிப்புதான்!

நிலாவில் காற்று கிடையாது. பாராசூட் அங்கே உதவாது. எஞ்சினை எரித்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டு எரித்தால் எரிபொருள் காலி. தாமதித்தால் கலம் சுக்குநூறு! இதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவன் பரீட்சையோடு மறந்து விடலாம். மூணு தடவை மோதியவன் மறப்பானா?

மோதுவது கேவலமும் அல்ல. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 அனுப்பிய விக்ரம் கலம் நிலாவில் மோதியது. விஞ்ஞானிகள் தவறைத் தேடித் திருத்தினார்கள். 2023 ஆகஸ்ட் 23-ந்தேதி சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம்ம விழுப்புரத்துக்காரர்!

இது புது சங்கதியும் இல்லை. 1969-ல் மனிதன் நிலாவில் கால் வைத்த சில மாதங்களில், நிலாவில் இறங்கும் கம்ப்யூட்டர் விளையாட்டை எழுதியவர் ஜிம் ஸ்டோரர் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர். படமே கிடையாது. வெறும் எண்கள்தான்!

ரம்மி வேறு, இது வேறு

போனில் விளையாட்டு என்றாலே பெற்றோருக்கு ரம்மி ஞாபகம் வருகிறது. பயம் நியாயமானதே. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025-ல் பாராளுமன்றம் சட்டம் போட்டது. அதே சட்டம் கல்வி விளையாட்டுகளை வளர்க்கவும் இடம் தருகிறது. இரண்டையும் ஒரே கம்பால் அடிக்கலாமா?

அதற்காகப் போனைக் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் சீரியலில் மூழ்கினால் பலன் இல்லை. "ஏன் மோதுச்சு?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் ஆசிரியர் முன்னிலையில் இதை ஆட விட்டால் என்ன?

நேரில் காட்ட இடமும் பக்கத்திலேயே உண்டு. ஏர்போர்ட் அருகே, புதுக்கோட்டை ரோட்டில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம். பூமிப் பாடத்துக்குப் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்மரம். சுமார் 12 கோடி ஆண்டுக்கு முன், அந்தப் பக்கம் கடலாக இருந்தபோது புதைந்து கல்லான மரம். நீளம் 18 மீட்டர்! அந்தக் கடலை ஒரு விளையாட்டாகச் செய்து தர நம்ம ஊர் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளால் முடியாதா?

பெற்றோர்களே! அடுத்த முறை போனைப் பிடுங்கும் முன், "என்னடா ஆடுற?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ரம்மி என்றால் பிடுங்குங்கள். நிலா என்றால், பக்கத்தில் உட்காருங்கள்!