யாருடைய கடன்?

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்றொரு பழமொழி உண்டு. நெய்யைக் காட்டிலும் தாராளமாக நம்மவர்கள் அள்ளி ஊற்றும் வஸ்து ஒன்று இருக்கிறது. அதுதான் மன்னிப்பு.

மதுரையில் மேலவளவுச் சங்கதி பேச்சில் அடிபடும்போதெல்லாம் இந்தத் தாராளத்தைக் கண்டு வருகிறேன். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் அது. அங்கே ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்டது. முருகேசன் என்பவர் தேர்தலில் நின்று தலைவரானார். செய்த 'குற்றம்' அவ்வளவுதான். 1997 ஜூன் 30-ஆம் தேதி, பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசாங்கம் முன்கூட்டியே விடுதலை செய்தது.

"அதுதான் இத்தனை வருஷமாகிவிட்டதே, இன்னும் எதற்கு ஐயா பழம் பகை? கிளாடிஸ் அம்மையார் மன்னிக்கவில்லையா?" என்று கேட்கிறார்கள் நல்ல மனிதர்கள். நல்லவர்கள்தாம், அவர்கள் வீட்டில் யாரும் வெட்டுப்படவில்லை.

சரி, அந்த அம்மையாரையே பார்ப்போம். அவருடைய கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸ் ஒரிஸ்ஸாவில் தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்த ஆஸ்திரேலியப் பாதிரியார். 1999 ஜனவரியில் ஓர் இரவு, மனோகர்பூர் கிராமத்தில் ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்த அவரையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு கும்பல் தீ வைத்துக் கொன்றது. கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக கிளாடிஸ் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், ஐந்தாண்டுகள் அங்கேயே இருந்து அந்த நோயாளிகளைக் கவனித்தார். ஆனால், மன்னிப்பு வேறு, சட்டம் வேறு என்று பிரித்தும் பேசினார். அவர் மன்னித்தார் என்பதற்காக வழக்கு நிற்கவில்லை. தாரா சிங்குக்கு 2003-இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2005-இல் அது ஆயுள் தண்டனையாயிற்று. 2011-இல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது.

வேதப் புஸ்தகத்தை நானும் புரட்டியிருக்கிறேன். எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டதற்கு, கணக்கே பார்க்காதே என்ற பொருளில் ஏசு பதில் சொல்கிறார். உடனே ஒரு கதையும் சொல்கிறார். அந்தக் கதையில் வேலைக்காரனின் பெருங்கடனை ராஜா தள்ளுபடி செய்கிறான். கவனியுங்கள்: அது ராஜாவுக்கு வரவேண்டிய கடன்! அரண்மனை வாசலில் வேடிக்கை பார்த்து நின்றவன் எவனும் அதைத் தள்ளுபடி செய்துவிடவில்லை.

பகை நெஞ்சை அரித்துவிடும் என்பது எனக்கும் தெரியும். மன்னிப்பது பெரிய காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய காரியம் என்பதால்தான் அதைப் பிறத்தியார் உத்தரவு போட்டு வாங்க முடியாது என்கிறேன். புருஷனைப் பறிகொடுத்தவள் இன்று காலை மன்னித்திருப்பாள். மாலையில் அந்த பஸ் கண்ணில் பட்டதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். அந்தப் போராட்டம் அவளுக்கும் அவளுடைய தெய்வத்துக்கும் உள்ள விவகாரம். ஒரு கிறிஸ்தவப் பெண்மணி தன் நெஞ்சைப் பிழிந்து கொடுத்ததை எடுத்து, இன்னொருத்தியை அடிக்கும் பிரம்பாக்குவது அந்த இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம்.

அரசாங்கம் கைதிகளை விடுவிக்கட்டும். அதற்குத் தண்டனைக் குறைப்பு என்று பெயர் இருக்கிறது. செத்தவர் வீட்டின் சம்மதம் அதற்குத் தேவையில்லை. ஆகவே அதற்கு மன்னிப்பு என்று பெயர் சூட்டாதீர்கள்.

ஒரு மனிதன் நாற்காலியில் உட்கார்ந்ததற்காகக் கொல்லப்பட்டபோது சுற்றியிருந்த நாம் என்ன செய்தோம்? இந்தக் கணக்கில் நாம் கடன் கொடுத்தவர்கள் அல்ல, கடன்பட்டவர்கள். கடன்பட்டவன் மன்னிப்புக் கேட்கலாம். மன்னித்துவிடு என்று உபதேசம் செய்ய அவனுக்கு வாயில்லை.