டாலரில் கூலி... ரூபாயில் வெட்டு! வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்கு வேலை பார்ப்பவர்கள் பணத்தை இழப்பது எங்கே?

சென்னை:

"டாலர் 90 ரூபாயைத் தாண்டிடுச்சு. உனக்கென்ன தம்பி, கொண்டாட்டம்தான்!"

2025 டிசம்பரில் ரூபாய் மதிப்பு சரிந்ததில் இருந்து, வெளிநாட்டுக்கு வேலை செய்து கொடுக்கும் பையன் இருக்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இதுதான். லோகோ வரைவது, வீடியோ எடிட்டிங், வெப்சைட், மொழிபெயர்ப்பு என வீட்டில் கம்ப்யூட்டரை வைத்தே பிழைப்பவர்கள் இப்போது எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். ஆனால் டி.வி.யில் காட்டும் ரேட் வேறு, கைக்கு வரும் ரேட் வேறு. இதுபற்றிய விவரம் வருமாறு:-

கண்ணுக்குத் தெரியாத வெட்டு

500 டாலருக்கு ஒருவர் வேலை முடித்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 90 ரூபாய் என்றால் 45 ஆயிரம் வரவேண்டும். நடுவில் பணத்தைக் கைமாற்றி விடும் வெளிநாட்டு வங்கி 20 டாலர் பிடித்தால் மிச்சம் 480. இங்குள்ள வங்கி டாலருக்கு 2 ரூபாய் குறைத்து 88-க்கு கணக்குப் போட்டால் 42 ஆயிரத்து 240. இதில் ரூபாயாக மாற்றியதற்கு ஜி.எஸ்.டி. 76 ரூபாய் போகும். ஆக மொத்தம் 2 ஆயிரத்து 800-க்கு மேல் காலி! ஒரு வீட்டின் மளிகைச் செலவே அதில் அடங்கிவிடும்.

இதில் பெரிய வெட்டு எது? நடுவில் பிடித்த 20 டாலர் 1,800 ரூபாய். அது கணக்கில் தெரிந்துவிடும். ரேட்டில் குறைத்த 960 ரூபாய்தான் எந்த ரசீதிலும் தெரியாது. "கட்டணமே கிடையாது" என்று விளம்பரம் செய்பவர்களும் ரேட்டைக் குறைத்துப் போட்டு அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

யூரோ என்றால் டபுள் அடி

ஜெர்மனிக்காரர் யூரோவில் சம்பாதிக்கிறார். அவரிடம் பழக்கதோஷத்தில் டாலரில் பில் போட்டால், அங்கே யூரோ டாலராகிறது, இங்கே டாலர் ரூபாயாகிறது. இரண்டு முறை மாற்றினால் இரண்டு முறை வெட்டு. முதல் வெட்டு தன் தலையில் விழுந்தால் அவரும் சும்மா இருக்கமாட்டார், கூலியில் பேரம் பேசுவார். யூரோக்காரருக்கு யூரோவிலும், லண்டன்காரருக்கு பவுண்டிலும் பில் போட்டால் இந்தச் சிக்கல் குறையும். இங்குள்ள வங்கிகளில் இந்தப் பணத்தையும் வாங்கலாம்.

பதுக்கி வைத்தால் லாபமா?

"ரேட் இன்னும் ஏறட்டும்" என்று சிலர் டாலரை அப்படியே வைத்திருக்க நினைப்பதுண்டு. இதற்காக வங்கிகளில் இ.இ.எப்.சி. என்ற கணக்கு இருக்கிறது. ஆனால் அதில் வட்டி கிடையாது. இஷ்டப்பட்ட காலம் வரை பணத்தைப் போட்டு வைக்கவும் ரிசர்வ் வங்கி விதி இடம் தராது. கூலியை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்கு இது சூதாட்டம் மாதிரிதான்.

பேப்பர் முக்கியம்

வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்றை வங்கியில் மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு அவசியம். ஏற்றுமதி சேவைக்கு வரி இல்லை என்றாலும், பணம் வெளியே இருந்துதான் வந்தது என்று காட்டினால்தான் அந்தச் சலுகை. பேங்க் லோன் கேட்டுப் போகும்போதும் சம்பள ரசீது இல்லாதவருக்கு இந்தப் பேப்பர்தான் கைகொடுக்கும்.

எனவே வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே, அனுப்பும் செலவு யார் தலையில் என்று பேசிக்கொள்வது நல்லது. வங்கியிடமும் "கட்டணம் எவ்வளவு?" என்று கேட்டால் போதாது. "500 டாலர் வந்தால் என் கையில் எத்தனை ரூபாய் கிடைக்கும்?" என்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று இடத்தில் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தால், எங்கே வெட்டு அதிகம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.