மேலே குழைவு, கீழே குரைப்பு

லூயி த ஃபுனேஸ் பெயரை எடுத்தாலே, லிசேயில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் இன்றும் முகம் சுளிப்பார். "அது என்னய்யா நடிப்பு, வெறும் குரங்குச் சேட்டை" என்பார். அந்தக் காலத்துப் பாரிஸ் விமர்சகர்கள் பலரும் அப்படித்தான் எழுதினார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

மனிதர் 1914-இல் பிறந்தவர். பெற்றோர் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். இளமையில் இரவு விடுதிகளில் பியானோ வாசித்துப் பிழைத்தார். 1945-இல் சினிமாவுக்கு வந்தும், வாசல் காப்பவன், கடைக்காரன் என்று துண்டு வேடங்களிலேயே பல வருஷம் ஓடிற்று. 'சேன் த்ரோப்பே' போலீஸ்காரர் படம் வந்த 1964-இல் அவருக்கு வயது ஐம்பது. நம் ஆபீஸில் அந்த வயதில் பென்ஷன் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம்! இரண்டு வருஷம் கழித்து பூர்வீலோடு நடித்த 'லா கிராந்த் வாத்ரூய்' படத்தைப் பிரான்சில் 1 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். பிரெஞ்சுப் படங்களில் 2008 வரை அதை மிஞ்ச ஆளில்லை.

முகத்தை அஷ்டகோணலாக்கினால் இவ்வளவு பேர் வருவார்களா? அந்தப் போலீஸ்காரர் குருஷோவைப் பாருங்கள். மேலதிகாரி முன்னால் கூழாய்க் குழைவார். அவர் தலை திரும்பியதும் கீழே உள்ளவர்களிடம் குரைப்பார். இரண்டுக்கும் நடுவே அரை நொடிதான். அந்த அரை நொடியில் தாளம் தப்பாது. பியானோக்காரர் அல்லவா.

முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அந்த ஆளை நன்றாகத் தெரியும். பக்கத்து மேஜையில் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் என் மேஜையிலேயே பார்த்தேன். கோப்பு ஒன்று தாமதமானதற்கு அதிகாரி என்னை எல்லார் எதிரிலும் திட்டினார். "சார், சார்" என்று கைகட்டி நின்றேன். திரும்பி வந்ததும், ஒன்றும் அறியாத பியூன்மேல் அதே வார்த்தைகளைக் கொட்டினேன். அவர் என்னைவிட வயதில் மூத்தவர். ஒன்றும் சொல்லாமல் கோப்பை எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலை வீட்டுக்கு சைக்கிளில் போகையில்தான் குருஷோ நினைவுக்கு வந்தார். சிரிப்பு வரவில்லை.

1975-இல் மாரடைப்பு வந்தும் மனிதர் அடுத்த வருஷமே திரும்ப நடிக்க வந்தார். 1980-இல், நாங்கள் வகுப்பில் உருப்போட்ட மொலியேரின் கஞ்சனைத் திரையில் கொண்டுவந்தார். 1983 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பியூனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், அவர் ஓய்வு பெற்ற நாளன்று. "எதுக்கு சார்?" என்றார். அவர் மறந்துவிட்டாரா, மறந்ததுபோல் நடித்தாரா, எனக்குத் தெரியவில்லை.