பழைய வண்டிக்கு நியாய விலை எது?

மிளகுக்கும் ஏலக்காய்க்கும் கிராம் கணக்கில் விலை வைக்கத் தெரிந்த நம் வணிகர்கள், கடை வாசலில் நிற்கும் பழைய வண்டியை விற்க வேண்டும் என்று வந்தால் மட்டும் கணக்கை மறந்துவிடுகிறார்கள். விற்பவர் ஆசையை விலையாகச் சொல்கிறார், வாங்குபவர் சந்தேகத்தை விலையாகச் சொல்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகைக்குக் கைகுலுக்கி, அதற்கு நியாய விலை என்று பெயரும் வைத்து விடுகிறார்கள். தவறான இரண்டு தொகைகளின் நடுவில் இருப்பதாலேயே ஒரு தொகை சரியாகி விடுமா?

நான் மளிகை மொத்த வியாபாரி. வண்டி வியாபாரம் என் தொழில் அல்ல. ஆனால் என்னிடம் சரக்கெடுக்கும் இரண்டு கடைக்காரர்களுக்குள் 2025 ஆனியில் ஒரு மாருதி ஆம்னியால் பெரிய மனத்தாங்கல் வந்தது. இருவரும் என்னையே மத்தியஸ்தம் பார்க்கச் சொன்னார்கள். அந்தக் கணக்கை எழுதினால் நம் உறுப்பினர்கள் பலருக்கும் உதவும் என்று தோன்றியது. பெயர்கள் வேண்டாம்.

ஆம்னியைப் பற்றி நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1984இல் மாருதி வேன் என்று வந்தது. 796 சி.சி. எஞ்சின்தான், ஆனாலும் நம் மளிகைக் கடைகளின் பாதி பாரத்தை அதுதான் சுமந்தது. 2019இல் உற்பத்தியை நிறுத்தி விட்டார்கள். இன்று நம் பகுதியில் ஓடுகிற ஆம்னிகளில் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருப்பது அபூர்வம். பின் சீட்டைக் கழற்றி இரும்புத் தட்டு அடித்திருப்பார்கள். அரிசிச் சிப்பம் ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் இரண்டு பிளேட் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். கேஸ் கிட் இருக்கும், மேலே கேரியர் இருக்கும், பாட்டுப் பெட்டியும் இருக்கும்.

பிரச்சினைக்கு வந்த வண்டி 2008 மாடல். 15 ஆண்டு முடிந்து 2023இல் பதிவைப் புதுப்பித்திருந்தார்கள். விற்றவர் செங்கல்பட்டில் நல்ல நிலையில் இருக்கும் கடைக்காரர். வாங்கியவர் சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் சிறு கடை வைத்திருப்பவர். விலை 1,20,000 ரூபாய். 80,000 ரொக்கம், மீதி 40,000 ஆறு மாதத் தவணை. அந்த 80,000 வீட்டு நகையை வைத்து வாங்கிய பணம்.

விற்றவர் போட்ட கணக்கை என்னிடம் பெருமையாகவே காட்டினார். வண்டிக்கு 60,000. அதன் மேல் கேஸ் கிட் 24,000, தட்டும் தகரமும் 8,000, ஸ்பிரிங் பிளேட் 4,000, பாட்டுப் பெட்டி 6,000, நான்கு புது டயர் 12,000, டிங்கரிங் பெயின்ட் 25,000. ஆக மொத்தம் 1,39,000. "நம்ம ஆளுன்னுதான் அண்ணாச்சி, 19,000 குறைச்சுக் கொடுத்தேன்" என்றார். எல்லாவற்றுக்கும் பில் வைத்திருந்தார். பில்லில் பொய் இல்லை.

வாங்கியவர் காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்றப் போன இடத்தில்தான் விஷயம் வெளிவந்தது. வண்டியைப் பார்வையிட வந்தவர், கேஸ் கிட் ஆர்.சி.யில் ஏறவில்லையே என்று கேட்டார். கிட் போட்ட பட்டறை கொடுத்தது பணம் வாங்கிய சீட்டு மட்டுமே, அங்கீகாரச் சான்று எதுவும் இல்லை. வேறு வழியின்றி கிட்டைக் கழற்றினார். கழற்றிய பிறகு பெட்ரோலில் வண்டி ஓடவில்லை. ஆண்டுக்கணக்கில் கேஸிலேயே ஓடியதால் டேங்க் காய்ந்து, பெட்ரோல் பம்ப் வீணாகி, இன்ஜெக்டரும் அடைத்துக் கிடந்தது. அதற்கு 18,000 செலவானது. தரை விரிப்பை எடுத்தபோது ஓட்டுநர் காலுக்குக் கீழே தகரம் தின்று போய், அதன் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்ததும் தெரிந்தது.

கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் பில் கட்டு அல்ல, சந்தை. நாம் வாங்கிய விலைக்குக் கீழே பருப்பு விலை இறங்கி விட்டால், பழைய கொள்முதல் பில்லைக் காட்டி யாரிடமாவது விற்க முடியுமா? அதே ஆண்டு, அதே மாடல், எந்த மாற்றமும் செய்யாத வண்டி, ஓடுகிற நிலையில், நம் ஊரில் உண்மையில் என்ன தொகைக்குக் கைமாறியது என்று கேட்க வேண்டும். கேட்கிற விலை வேறு, கைமாறிய விலை வேறு. கொத்தவால்சாவடிக்குப் போய் வருகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தரகர், ஒரு மெக்கானிக், அண்மையில் விற்ற ஒருவர் என்று மூன்று பேரிடம் கேட்டேன். 70,000, 75,000, 80,000 என்றார்கள். 75,000 என்று வைத்துக் கொண்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வண்டிக்கு 17 வயது, பதிவு 2028 வரைதான் என்பதற்காக இந்த 75,000இல் மறுபடி கழிக்கக் கூடாது. கேட்ட மூன்று வண்டிகளுக்கும் அதே வயதுதான், அந்தக் குறை விலையிலேயே இறங்கி விட்டது. 15 ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 ஆண்டும் கடந்து விட்டால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் உயர்த்தி விட்டார்கள். இந்த வண்டி 2028இல் அந்தப் பத்தாயிரத்தில்தான் போய் நிற்கும். இனிமேல் விலை கேட்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்து டயர். ஓடுகிற எந்த வண்டிக்கும் பாதி தேய்ந்த டயராவது இருக்கும், அது 75,000இல் அடக்கம். புது டயருக்கு அதற்கு மேல் உள்ளதை மட்டுமே கூட்ட வேண்டும். சில மாதம் ஓடியதால் 5,000 கூட்டினேன். பெயின்ட்டுக்கு ஒரு ரூபாயும் கூட்டவில்லை. துருவை மறைத்த பெயின்ட்டுக்கு யார் விலை கொடுப்பார்கள்? தரைத் தகரத்தை வெட்டி ஒட்ட 12,000 ஆகும் என்றார்கள், அதைக் கழித்தேன்.

துருவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவளம் முதல் மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கடலோரம் நிற்கிற வண்டியும், செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் நிற்கிற வண்டியும் ஒன்றல்ல. உப்புக் காற்று மேலே தெரியும்படி தின்னாது. கதவின் அடி விளிம்பு, சேஸிஸின் மடிப்பு, ஸ்பிரிங் பிடிக்கும் இடம், பேட்டரி வைக்கும் தட்டு என்று நம் கண் படாத இடமாகத் தின்னும். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி உடம்பெல்லாம் வைத்துப் பாருங்கள். தகரத்தில் ஒட்டும், பட்டி பார்த்த இடத்தில் ஒட்டாது. இன்னொன்று, 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னைப் புறநகரில் முழுகிய வண்டிகள் எத்தனையோ கைமாறியிருக்கின்றன. சீட் போல்ட்டில் துரு, பெல்ட்டை முழுக்க இழுத்தால் சேற்றுக் கோடு, இவை தெரிந்தால் விலை பேசாமல் வந்து விடுவது நல்லது.

இனி மாற்றங்கள். மாற்றத்துக்குச் செய்த செலவு விற்பவருடைய சௌகரியத்துக்குக் கொடுத்த பணம், அதை அவர் அனுபவித்து விட்டார். வாங்குபவருக்கு அதில் என்ன மிச்சம் என்பதே கேள்வி. குடும்பத்துக்கு வண்டி தேடுபவருக்கு இரும்புத் தட்டு ஒரு தொல்லை, கழற்றிச் சீட் தேடிப் போட வேண்டும். மளிகைக்காரருக்கு அது வேலைக்கு ஆகும். இங்கே வாங்கியவர் மளிகைக்காரர், ஆகவே 3,000 கூட்டினேன். பாட்டுப் பெட்டிக்கு 1,000. ஸ்பிரிங் பிளேட்டுக்கு ஒன்றுமில்லை.

கேஸ் கிட்டில்தான் விற்றவருக்கும் எனக்கும் வாக்குவாதம். அங்கீகரித்த கிட், அங்கீகரித்த இடத்தில் பொருத்தி, ஆர்.சி.யில் ஏற்றி, டேங்க் சோதனைச் சான்றும் இருந்தால் போட்ட விலையில் ஒரு பகுதியைக் கூட்டலாம். ஏற்றாத கிட் சொத்து அல்ல, கடன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. கம்பெனி செய்து கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அதே 2019இல் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று வைத்து விட்டார்கள். இந்தக் கிட்டுக்கு 24,000 கூட்டுவதற்குப் பதிலாக, கழற்றிச் சீர் செய்த 18,000ஐக் கழித்தேன். இரும்புத் தட்டும் ஸ்பிரிங் பிளேட்டும்கூட இந்தச் சட்டத்தின் நிழலில்தான் இருக்கின்றன. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் இவற்றைத்தான். வீட்டு சிலிண்டரை வைத்து ஓட்டிய வண்டி என்றால் அதற்கு விலையே பேசாதீர்கள்.

ஆக 75,000இல் 5,000, 3,000, 1,000 கூட்டி, 12,000மும் 18,000மும் கழித்தால் 54,000. அதுதான் என் கணக்கில் நியாய விலை. ஆனால் தீர்ப்பு 60,000 என்று சொன்னேன். வாங்கியவரும் வியாபாரிதான், அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்காமல் வாங்காதவர். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருந்தால் துரு தெரிந்திருக்கும். அதனால் துருவின் பாதியை அவர் தலையில் வைத்தேன். கிட்டுக்குச் சான்று இல்லை என்பதைக் கேளாமலே சொல்ல வேண்டியது விற்றவரின் கடமை, அதில் பங்கு கிடையாது. தவணை 40,000 ரத்தானது, 20,000 திரும்பி வந்தது. நகை மீண்டு விட்டது. விற்றவர் ஒரு மாதம் என் கடைப் பக்கம் வரவில்லை.

அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கு தங்களுக்குப் பொருந்தாது என்பார்கள். மாமல்லபுரத்துக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப் போன அந்த வண்டிகளின் மேல் எனக்கும் பாசம் உண்டு. 2014இல் உற்பத்தி நின்ற பிறகு, அபூர்வப் பொருள் என்று பெரிய விலை சொல்கிறார்கள். ஆனால் 2021இல் மத்திய அரசு கொண்டு வந்த விண்டேஜ் வாகன விதியைப் பாருங்கள். 50 ஆண்டுக்கு மேற்பட்டதாகவும், எஞ்சின், சேஸிஸ், பாடி பெரிதாக மாறாமல் அசல் வடிவில் இருப்பதாகவும் இருந்தால்தான் அந்தப் பதிவு. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்து இருபது ஆண்டு வாடகைக்கு ஓட்டியவர் அசலுக்குரிய விலையைக் கேட்பது எப்படிப் பொருந்தும்? அசலை விரும்புகிறவரே அசல் விலை கொடுப்பார்.

வரி விஷயத்தையும் நம்மவர்கள் கவனிப்பதில்லை. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடைக்காரர், கடைக் கணக்கில் உள்ள வண்டியை விற்றால் வரி உண்டு. 2025 ஜனவரி முதல் எல்லாப் பழைய வண்டிக்கும் 18 சதவீதம், ஆனால் முழு விலைக்கு அல்ல. தேய்மானம் எழுதியிருந்தால், விற்ற விலையிலிருந்து புத்தக மதிப்பைக் கழித்து, மிஞ்சுவதற்கு மட்டும். இந்த வண்டியே கடைக் கணக்கில் இருந்து, 2008இல் 2,20,000க்கு வாங்கியதென்று வைத்துக் கொள்ளுங்கள். ஆண்டுக்கு 15 சதவீதம் வீதம் 17 ஆண்டு எழுதினால் புத்தகத்தில் சுமார் 13,900தான் நிற்கும். 60,000க்கு விற்றால் 46,100க்கு வரி, சுமார் 8,300 ரூபாய். வாங்கும்போது உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்காதவருக்கே இந்தச் சலுகை. விலை பேசுமுன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள். புத்தக மதிப்பை விடக் குறைத்து விற்றால் வரி இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, செஸ்ஸும் போயிற்று. ஆம்னிக்கு மாற்றாக நம்மவர்கள் பார்க்கும் ஈகோவும் இதில் அடக்கம். புது வண்டி இறங்கினால் பழையது ஏறி நிற்காது. அதற்கு முந்தைய விலையைச் சொல்லி இன்று யாராவது பேசினால் ஒப்புக் கொள்ளாதீர்கள். நான் வைத்த 75,000மும் ஆனி மாத விலைதான்.

விலை முடிந்ததும் படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கி, வண்டியைக் கொடுத்த தேதியும் நேரமும் எழுதி, பெயர் மாற்றம் முடியும் வரை பின்தொடர வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வண்டி பல கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி விட்டது. கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தைத் தரகரிடம் கொடுத்து விட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. உறுப்பினர்கள் வண்டி விற்றாலும் வாங்கினாலும், மாடல், ஆண்டு, என்ன மாற்றம் செய்தது, ஆர்.சி.யில் ஏறியதா, உண்மையில் கைமாறிய தொகை, இவ்வளவையும் பெயரில்லாமல் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். சங்க அலுவலகத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் எழுத அந்த ஆம்னியின் விவரத்தை நான் தருகிறேன், விற்றவரும் சம்மதித்து விட்டார்.