பெரிய வான் யாருக்கு?

எங்கள் ராத்தாவுக்கு ஒரு வாகனம் வாங்குவதென்று வீட்டில் முடிவானபோது, கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "எடுக்கிறதென்டா பெரிசா எடுங்க." சாச்சா சொன்னார், மாமி சொன்னார், கடைக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தவர்களும் சொன்னார்கள். வாப்பாவின் எண்ணமும் அதுவே. பட்டிப்பொலையிலிருந்து மரக்கறி ஏற்றி அனுப்பும் வியாபாரம் அவருக்கு. எத்தனை மூடை கரட் ஏறும், எத்தனை மூடை லீக்ஸ் ஏறும் என்றுதான் எந்த வாகனத்தையும் பார்ப்பார். ராத்தாவின் சக்கர நாற்காலியும் அன்று அவர் கணக்கில் ஒரு மூடையாகவே ஏறியிருக்க வேண்டும்.

வாப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ராத்தாவைப் பதினாறு வருடம் தூக்கிச் சுமந்தவர் அவர்தான். ராத்தாவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. ஆறு வயதிலிருந்து நடப்பதில்லை. வாப்பா தூக்கி முச்சக்கர வண்டியில் உட்கார வைப்பார். நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டுவார். போய்ச் சேர்ந்ததும் மறுபடி தூக்கி இறக்குவார். வாப்பாவின் முதுகு பழுதான பிறகு யார் தூக்குவது? வண்டிக்காரர் நல்ல மனிதர்தான், "நான் தூக்குறன்" என்று முன்வந்தார். ராத்தா மறுத்துவிட்டாள். வளர்ந்த ஒரு பெண் பிள்ளையை அந்நிய ஆண் ஒருவர் பஜார் நடுவில் தூக்குவதா? அதன் பிறகு அவள் கலியாண வீடுகளுக்குப் போகவில்லை. மையத்து வீடுகளுக்கும் போகவில்லை. உயர்தரம் முடித்து நுவரெலியாவில் சேர்ந்திருந்த கணினிப் பாடநெறியும் பாதியில் நின்றது.

பஸ்ஸில் போகலாமே என்பவர்கள் அந்தப் படிகளை ஒரு தரம் எண்ணிப் பார்க்கட்டும். எங்கள் ஊர் ரயில் நிலையம் 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையிலேயே உயரமான நிலையம் என்று வெளிநாட்டார் இறங்கி நின்று படம் எடுப்பார்கள். ராத்தாவுக்கு அந்த 1,891 மீற்றர் ஒரு பிரச்சினையே இல்லை. மேடைக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள அந்த இரண்டு அடிதான் பிரச்சினை.

ஆகவே கடன்பட்டு வான் வந்தது. உயரக் கூரை, 5.4 மீற்றர் நீளம், 1.9 மீற்றர் அகலம். ஊரே வந்து பார்த்தது. பிரதான வீதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்கும் பாதை போக்கு அருகே ஏழடி அகலம். போக்கைத் தாண்டியதுமே ஒரு முடக்கு. வான் அந்த முடக்கில் திரும்பவில்லை. முன்னால் எடுத்தால் மண்மேடு, பின்னால் எடுத்தால் காண். கடைசியில் அது மேலே வீதியோரத்திலேயே நின்றது. மழையிலும் மூட்டத்திலும் ராத்தாவை நாற்காலியோடு மேட்டில் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

ஏற்றுவதும் லேசாக இல்லை. வானின் தளம் நிலத்திலிருந்து 26 அங்குலம். கட்டடங்களுக்குச் சொல்லும் கணக்கில், ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்று சாய்தளம் வைத்தால் 26 அடி வேண்டும். அது வீதியைக் கடந்து எதிரிலுள்ள உருளைக்கிழங்குப் பாத்திக்குள் போய்விடும். ஒன்றுக்கு நான்கு என்று செங்குத்தாக வைத்தாலும் ஒன்பதடிக்குச் சற்றுக் குறைவு. அதற்குப் பின்னால் நாற்காலி நிற்க நான்கடி, தள்ளுபவர் நிற்க இன்னும் கொஞ்சம். அந்தச் சரிவில் உம்மாவும் நானும் மூச்சுப் பிடித்துத் தள்ளியதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

இதெல்லாம் அளவு பிழைத்ததால் வந்த வினை. இன்னொன்றும் நடந்தது. அதைத்தான் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வான் பெரிதாக இருந்தபடியால் அது எல்லாருக்கும் உரியதாகிவிட்டது. ராத்தாவின் வகுப்பு நாளில் சாச்சாவுக்குக் கண்டிக்குப் போக வேண்டியிருக்கும். ஒரு கலியாணமென்றால் பத்துப் பேர் ஏறுவார்கள், ராத்தா சாமான்களோடு கடைசியில் இருப்பாள். ஒரு நாள் இடம் போதாமல் அவள் வீட்டிலேயே நின்றாள். அவளுக்கென்று வாங்கிய வாகனத்தில் அவளுக்கே இடமில்லை! யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. காலியான ஆசனத்தைக் கண்டால் மனிதருக்கு ஒரு பயணம் ஞாபகம் வந்துவிடுகிறது.

நான்கு மாதத்தில் வானை நட்டத்துக்கு விற்றோம். அதன் பிறகுதான் வாப்பா அளவு நாடாவை எடுத்தார். முதலில் பாதையை அளந்தார், பிறகு நாற்காலியை. அகலம் 25 அங்குலம், கால் நுனி வரை நீளம் 44. நிலத்திலிருந்து ராத்தாவின் தலை உச்சி வரை 51. இந்தக் கடைசி அளவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே கூரை உயரமாக இருந்தாலும் பின்கதவு வாசல் அதைவிடப் பதிவாகத்தான் இருக்கும். வாசலை அளக்காமல் வாங்கினால் ஒவ்வொரு முறையும் தலை குனிந்தே ஏற வேண்டும். பாரம் தூக்கும் லிப்ட் பூட்டிய வாகனமென்றால் ஆளின் நிறையையும் நாற்காலியின் நிறையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மோட்டர் நாற்காலி தனியே நூறு கிலோவைத் தாண்டுவதுண்டு.

அளந்து முடித்து வாப்பா காகிதத்தை மடித்தபோது ராத்தா சொன்னாள்: "எல்லாத்தையும் அளந்தீங்க வாப்பா, என்னட்ட ஒண்டும் கேக்கல்ல."

கேட்டோம். அவள் சொன்னதை நாங்கள் எவரும் யோசித்திருக்கவில்லை. அந்தப் பெரிய வானில் நாற்காலியோடு இருக்கும்போது அவள் கண் ஜன்னலின் மேல் விளிம்புக்கும் மேலே போய்விடுமாம். நான்கு மாதமும் அவள் கண்டது காணையும் புல்லையும்தான். அம்பேவெலவில் மாடு மேய்வதை நாங்கள் "பாருங்க, பாருங்க" என்று காட்டும்போதெல்லாம் அவள் கூரைத் தகட்டைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறாள்.

இதற்கு மருந்து கூரையை உயர்த்துவதல்ல, தளத்தைத் தாழ்த்துவது. ஜப்பானில் சிறு ரக வாகனத்துக்கென ஒரு சட்ட அளவு உண்டு: நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், உயரம் 2 மீற்றர், என்ஜின் 660 சிசி. அந்த அளவுக்குள்ளேயே பின்தளத்தைத் தாழ்த்தி, மடிக்கும் சாய்தளம் வைத்து, சக்கர நாற்காலிக்கென்றே வான்கள் செய்கிறார்கள். தளம் பன்னிரண்டு அங்குலத்துக்கு இறங்கினால் நான்கடிச் சாய்தளம் போதும். எங்கள் ஏழடிப் பாதையில் அப்படியான வான் இரண்டடி மிச்சம் வைத்துப் போகும். பின்பக்கத்தால் ஏற்றுவதுதான் தோட்டப் பாதைகளுக்குப் பொருத்தம். பக்கக் கதவால் ஏற்ற, ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் காணுமாக இருக்கும் எங்கள் ஊரில் இடமேது? இன்னொரு சிறு வித்தையும் உண்டு. சரிவில் வாகனத்தின் முகத்தைக் கீழ்நோக்கி நிறுத்தினால் பின்பக்கச் சாய்தளம் சற்றுத் தட்டையாகும், தள்ளுவது இலகு. மறக்காமல் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

சின்ன வானுக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏற்றத்தில் அந்த 660 சிசி முனகும். சாரதியோடும் ராத்தாவோடும் இன்னும் ஒருவரோ இருவரோதான் போகலாம். குடும்பமாகப் பெருநாளைக்குப் போக முடியாது. உம்மாவுக்கு அது கவலைதான். எனக்கோ வருடத்தில் இரண்டு பெருநாளைவிட வாரத்தில் மூன்று வகுப்பு பெரிது. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: நாற்காலி முன்னோக்கி நிற்க வேண்டும், நான்கு மூலையிலும் பட்டியால் தளத்தோடு இறுக்க வேண்டும், ஆளுக்குத் தனியாக ஆசனப் பட்டி வேண்டும். பக்கவாட்டில் நிறுத்திக் கையால் பிடித்துக்கொண்டு போவது, எங்கள் வளைவுகளில், உயிரோடு விளையாடுவது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க இலங்கையில் 1996 இல் சட்டம் வந்தது. அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் எல்லாரும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டுமென 2011 இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. நல்லது. ஆனால் நுவரெலியாவில் வாசலில் சாய்தளம் இருந்து என்ன, பட்டிப்பொலையிலிருந்து அந்த வாசல் வரை போக வழியில்லையென்றால்? கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை, தாம் மதீனாவை விட்டுப் போகும் காலங்களில் தம் பொறுப்பில் நிறுத்திச் சென்றவர்கள் எங்கள் நபி (ஸல்) அவர்கள். நாங்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கியும் விலை எங்களுக்கு எட்டவில்லை. பழைய சின்ன வான் ஒன்றைத் தேடுகிறோம். அளவுக் காகிதம் கடைச் சுவரில், தராசுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. பாதை, வாசல், நாற்காலி, தலை என்று நான்கு வரி வாப்பாவின் கையெழுத்தில். ஐந்தாவது வரியை ராத்தா எழுதினாள்: நிலத்திலிருந்து கண் வரை 46 அங்குலம். போன கிழமை ஒரு வான் பார்க்கப் போன வாப்பா, என்ஜினைத் திறக்க முன்னர் ஜன்னலைத்தான் அளந்தாராம்.