கூட்டாஞ்சோறும் ஒரு கேள்வியும்

கல்லூரித் துறை அறையில் கூட்டாஞ்சோறு. அவரவர் வீட்டுப் பாத்திரங்கள் மேசையில் நிறைகின்றன. ‘எப்போது சமைத்தது?’ என்று கேட்க நமக்கு நா எழுவதில்லை. சமைத்தவர் யார் என்று பார்த்து உணவை மறுத்த சாதிய வரலாறு நம் பின்னே நிற்கிறது; கேள்வி அவமதிப்பாகிவிடுமோ என்று அஞ்சுகிறோம். அச்சம் நியாயமானதே.

ஆனால் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா சாதி பார்ப்பதில்லை. கொதியிலும் பிழைக்கும் அதன் வித்துகள், ஆறிய சோற்றில் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு மீண்டும் சுடவைத்தாலும் அழியாது. சமைத்த உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்பது பொதுவிதி. காலை 6 மணிக்குக் கிளறிய தேங்காய்ச் சாதத்தை நாம் உண்பதோ பகல் 1 மணிக்கு.

ஆகவே, கையைக் கேளாது நேரத்தைக் கேட்போம். எல்லாப் பாத்திரங்களுக்கும், முதலில் நம்முடையதற்கு.